புட்டிக்குள் ஏழு

அண்ணாச்சி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துதீங்களா? புழுக்கமா இருந்தாலும் பரவால்ல, சாத்திருங்க. தூசி எனக்கு ஆகாது. முப்பத்தோரு வருஷம் நிலக்கரித் தூசியிலயே கெடந்தவனுக்குத் தூசி ஆகாதான்னு கேப்பீங்க. கெடந்ததாலதான் ஆகாது. நீங்க சிவகாசி வரைக்குமா? நான் கோவில்பட்டில எறங்கிருவேன். இல்ல, இந்தப் பை மடியிலயே இருக்கட்டும். மேல வைக்க முடியாது, உள்ள கண்ணாடிப் புட்டி இருக்கு.

பாக்குதீங்களா? பாருங்க, பாக்குறதுக்கென்ன. ஆனா கையில தரமாட்டேன், கோவிச்சுக்கிடாதீங்க. நிலக்கரிப் பொடி. எப்படி மினுங்குது பாத்தீங்களா? லேபிள்ல கப்பல் பேரு, தேதி, கீழ என் பேரு, தில்லைநாயகம். வாயில அரக்கு வச்சு மூடினது நான்தான். எட்டு வருஷமாச்சு. அரக்குல ஒரு கீறல் கெடையாது.

நான் தூத்துக்குடியில ஒரு கோக் கம்பெனியில லேப் பொறுப்பாளரா இருந்தேன். கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க. கோக்னா குடிக்கிறது இல்ல, அண்ணாச்சி. நிலக்கரியைக் காத்து படாம சூளையில வச்சு வேகவச்சா, அது உருகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கெட்டியா ஒரு பாளமா நிக்கும். அதான் கோக். இரும்பு உருக்குறவன் அதைத்தான் கேப்பான். உங்க ஊர்ப் பக்கம் கடலைமிட்டாய் போடுறதைப் பாத்திருப்பீங்க. பாகு பதமா இருந்தாத்தான் கடலை ஒட்டி நிக்கும். பாகு கெட்டுப்போச்சுன்னா தட்டுல உதிரிக் கடலைதான். நிலக்கரியிலயும் அந்தப் பாகு உள்ளுக்குள்ளயே இருக்கு. கரியைப் பொறுத்த வரைக்கும் பாகு எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுறதுதான் என் வேலை.

எப்படிப் பாப்போம்னு கேக்குதீங்களா? ஒரு கிராம் பொடி. விரல் நுனி அளவு ஒரு கிண்ணம். மூடி வச்சு நல்ல சூட்டுல காட்டணும். நல்ல கரின்னா உள்ள உப்பி, பணியாரம் மாதிரி எந்திரிச்சு நிக்கும். அதைப் படத்தோட வச்சு ஒப்பிட்டு ஒரு நம்பர் போடுவோம். ஒண்ணுல இருந்து ஒம்பது. உப்பல் நம்பர்னு சொல்லுவோம். நான் சொல்லுற இந்தக் கப்பல் கரிக்கு ஏழு. ஏழுன்னா தங்கம், அண்ணாச்சி.

இதுல என் சொந்த ஏற்பாடு ஒண்ணு உண்டு. கப்பல் வந்தன்னைக்கே மாதிரி எடுத்து, பன்னெண்டு சின்னப் புட்டியில அடைச்சு, அரக்கு வச்சு, அலமாரியில அடுக்கிருவேன். மாசம் ஒரு புட்டி ஒடைச்சுப் பாக்குறது. நாளைக்குக் கரி வித்தவன் சண்டைக்கு வந்தா, இந்தா உன் கரின்னு காட்டலாமில்லா? வேற எந்தக் கம்பெனியிலயும் இவ்வளவு சுத்தம் கெடையாது. மேனேஜர் சக்கரவர்த்தி வெளியாளு யாரு வந்தாலும் கூட்டிட்டு வந்து என் அலமாரியைத்தான் காட்டுவாரு.

கரியைக் கொட்டி வச்சிருக்கிற யார்டுல போய்க் குவியல்ல எடுத்துப் பாக்கலாமேன்னு நீங்க கேக்குதீங்க. அந்தப் பொண்ணும் இதையேதான் கேட்டா. எதுக்கு? அதே கரி புட்டியில சுத்தமா இருக்கும்போது, வெயில்ல, தூசியில, குவியல் மேல ஏறணுமா? எனக்கு முட்டி வலி வேற. அந்தக் குவியல் மேல நான் கால் வச்சதே கெடையாது.

பொண்ணுன்னா செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு எனக்குக் கீழ வேலைக்கு வந்தவ. கெட்டிக்காரின்னு சொல்லக்கூடாது, துடுக்கு. நான் உக்காருன்னு சொல்லுறதுக்கு முந்தி உக்காந்துருவா.

அந்த வருஷம் மாசியில நம்ம கப்பல் வந்துச்சு. கரியை யார்டுக்குப் பின்னால கொட்டினாங்க. அடுத்த மாசமே இன்னொரு கப்பல். அதையும், அதுக்கப்புறம் வந்ததையும் முன்னால கொட்டிட்டாங்க. லாரி வாற கேட்டு முன்னாலதானே இருக்கு? முதல்ல வந்ததை முதல்ல எடுக்கணும்னு நோட்டீஸ் எழுதி ஒட்டிருந்துச்சு, நானே ஒட்டச் சொன்னேன். ஆனா லோடர் ஓட்டுறவன் நோட்டீஸா படிப்பான்? முன்னால இருக்கிறதைத்தான் அள்ளுவான். பின்னால உள்ளது அப்படியே கெடந்துச்சு. பங்குனி, சித்திரை வெயில். ஆடி மாசக் காத்து. தூத்துக்குடி ஆடிக் காத்து உங்களுக்குத் தெரியுமில்லா, ஆளையே தள்ளிரும்.

காத்தும் வெயிலும் பட்டா கரி கெட்டுப்போகும்னு புஸ்தகத்துல இருக்கு. இல்லைன்னு நான் எப்பச் சொன்னேன்? எரிக்கிறதுக்கு நல்லாத்தான் எரியும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பாகு மட்டும் செத்துப்போகும். ஆனா எவ்வளவு நாள்ல, எவ்வளவு ஆழத்துக்கு? அதைச் சொல்லுறதுக்கு அனுபவம் வேண்டாமா?

இந்தப் பொண்ணு வைகாசியில, நான் சொல்லாமலே, சாக்கைத் தூக்கிட்டுக் குவியல்ல போய் எடுத்துட்டு வந்து பாத்தா. ஆறுன்னு நோட்டுல எழுதினா. என் புட்டியில ஏழு. அவ நம்பரை அடிச்சு ஏழு போட்டேன். ஆடியில நாலுன்னு எழுதினா. புட்டியில ஏழு. அடிச்சேன். புரட்டாசியில ரெண்டு. என் புட்டியில அப்பவும் ஏழு, அண்ணாச்சி! எட்டு மாசம், எட்டுப் புட்டி, ஒரே நம்பர். ஒரு முடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையல. யாரு வேலை சுத்தம், சொல்லுங்க?

"சார், புட்டியில காத்தே படல. குவியல்ல எட்டு மாசம் பட்டிருக்கு"ன்னா.

"நீ மேல்தோலைச் சுரண்டிட்டு வந்து பேசுத"ன்னேன்.

"முழங்கை ஆழம் தோண்டி எடுத்தேன், சார். நீங்க ஒருதடவை வந்து பாருங்களேன்."

எனக்கு வழி சொல்லுதா! எனக்கு!

அப்புறம் ஐப்பசி வந்துச்சு. கடல் கொந்தளிப்பு, வரவேண்டிய கப்பல் வரல. முன்குவியல்ல மூணு வாரத்துக்குத்தான் கரி இருந்துச்சு. அது தீர்ந்தாப் பின்குவியலைத்தான் சூளையில போடணும். மேனேஜர் மீட்டிங்ல என்னைப் பாத்து, "தில்லை, அந்தக் கரி எப்படி?"ன்னாரு. "ஏழு, சார்"னேன். இந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னு, அத்தனை பேரு முன்னால, "குவியல்ல ரெண்டு, சார். போட்டா ஒட்டாது, சூளையில மாட்டிக்கிடும்"னு சொல்லிட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? செருப்பைக் கழட்டி அடிச்ச மாதிரி இருந்துச்சு. மேனேஜர் என் புட்டியைப் பாத்தாரு, அவ சாக்கைப் பாத்தாரு. யாரை நம்புவாரு? மறுநாளே அவளைக் கழிவுத்தண்ணி சோதிக்கிற எடத்துக்கு மாத்தியாச்சு. நான்தான் மாத்தச் சொன்னேன், மறைக்கல. பத்து நாள் இருந்தா. எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டா. போகும்போது சொல்லிட்டுக்கூடப் போகல. அவ்வளவு திமிரு.

குறுக்குச்சாலை தாண்டிட்டமா? சரி.

நாதனைப் பத்திச் சொல்லலையே நான். காந்திமதிநாதன். என் வீட்டுக்காரி சொர்ணத்தோட தம்பி. நான்தான் கம்பெனியில சேத்துவிட்டேன். சூளை ஃபோர்மேனா ஆகிட்டான். அவனுக்கு அக்கான்னா உசுரு, அத்தான்னா சாமி. வேலைக்குப் போகுமுன்னே தெனமும் லேப்ல எட்டிப் பாத்து, "அத்தான், இன்னைக்கு என்ன நம்பரு?"ன்னு கேட்டுட்டுத்தான் போவான். சாமி கும்பிடுற மாதிரி.

கார்த்திகை மாசம் ஆறாந்தேதி. அன்னைக்கும் வந்தான். "அத்தான், பின்பக்கக் கரி என்னமோ பழசு வாடை அடிக்கி. போட்டிருக்கிறது வெந்து முடிஞ்சாச்சு, இன்னைக்குத் தள்ளப்போறோம். ஒட்டாத கரின்னா தள்ளாம நிறுத்தி வச்சிரலாம். நம்பரு என்ன?"ன்னான்.

ஏழுன்னேன்.

"நீங்க சொன்னாச் சரி"ன்னுட்டுப் போனான்.

நல்ல கோக்குன்னா வெந்து முடிஞ்சதும் சுவரை விட்டு லேசா விலகி, பாளமா நிக்கும். ஒரு பக்கத்துல இருந்து மிஷின் வச்சுத் தள்ளினா, அடுத்த பக்கம் முழுசா வெளிய வந்துரும். அன்னைக்குத் தள்ளினா, உள்ள பாளமே இல்ல. பொடியும் துண்டுமா உதிர்ந்து அடைச்சுக்கிட்டுச்சு. மிஷின் பாதியில நின்னுபோச்சு. அப்புறம் ஆளுங்க நீளக் கம்பி வச்சு, வாசல்ல நின்னு தோண்டித்தான் எடுக்கணும். ஃபோர்மேன் நின்னுக்கிட்டு அடுத்தவனை ஏவலாம். நாதன் அப்படி ஏவுறவன் இல்ல. அவன்தான் முன்னால நின்னான். உள்ள இருந்த நெருப்பு மொத்தமாச் சரிஞ்சு வந்துச்சு. மூஞ்சியைக் காப்பாத்த ரெண்டு கையையும் முன்னால கொண்டுபோனான். மூஞ்சி பொழச்சுது.

கை ரெண்டும் மணிக்கட்டுக்கு மேல எடுத்துட்டாங்க.

விசாரணை வச்சாங்க. கேளுங்க இந்த அநியாயத்தை. லேப் நோட்டுல தப்பு வந்தா அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து அடிக்கணும். அடியில உள்ள நம்பர் தெரியணும். மேல சரியான நம்பரை எழுதி, பக்கத்துல இனிஷியல் போடணும். அதுதான் ஒழுங்கு. நான் முப்பத்தோரு வருஷம் ஒழுங்கு மீறாதவன். அதனால அவ எழுதின ஆறு, நாலு, ரெண்டு எல்லாம் பளிச்சுனு தெரியுது. ஒவ்வொண்ணுக்கும் மேல சிவப்பு மையில என் ஏழு, பக்கத்துல என் இனிஷியல். இடையில அவ பாத்த மத்த நம்பரையும் சேத்துப் பதினோரு எடம். ஒழுங்கா அடிச்சதாலதான் மாட்டிக்கிட்டேன்! கிழிச்சுப் போட்டிருந்தா இன்னைக்கு எவன் கேப்பான்?

அவங்க என் புட்டியில ரெண்டை எடுத்துட்டுப் போய் வெளியூர் லேப்ல கொடுத்தாங்க. என்ன வந்துச்சு தெரியுமா? ஏழு! ரெண்டுலயும் ஏழு! நான் பொய் சொல்லலைன்னு ஆகிப்போச்சில்லா? அப்படியும் விருப்ப ஓய்வுன்னு ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிட்டானுக. மாலை கெடையாது, கூட்டம் கெடையாது. இந்த ஒரு புட்டியை மட்டும் சட்டைப் பையில போட்டுட்டு வெளிய வந்தேன்.

நாதனுக்குக் கல்யாணம் ஆகல. பாத்திருந்த எடம் அதோட நின்னுபோச்சு. எட்டு வருஷமா எங்க வீட்டுலதான் இருக்கான். மூணு வேளையும் சொர்ணம்தான் ஊட்டுவா. முதல்ல அவனுக்கு ஊட்டி, வாயைத் துடைச்சு, தண்ணி கொடுத்து, அதுக்கப்புறம் என் தட்டை என் முன்னால வச்சுட்டு உள்ள போயிருவா. பேசமாட்டா. அவ என்கிட்டக் கடைசியாப் பேசினது ஆஸ்பத்திரியில. நான் அவளுக்குப் பொறுமையா விளக்கினேன், புட்டியில ஏழுதான் வந்துச்சு, என் மேல தப்பில்லைன்னு. அவ என்னைப் பாத்து, "என் தம்பி புட்டிக்குள்ளயா நின்னு வேலை பாத்தான்?"னு கேட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு சொல்லு கெடையாது. படிக்காதவ. அவளுக்கு என்ன சயின்ஸ் தெரியும்?

தட்டைப் பாத்துக் குனிஞ்சு நான் என் கையால பிசைஞ்சு சாப்பிடுவேன். எதிர்ல அவன் உக்காந்திருப்பான். என் கையைப் பாக்கமாட்டான், பாவம், எனக்குச் சங்கடமா இருக்கும்னு ஜன்னலைப் பாத்துக்கிட்டிருப்பான்.

அவனுக்கு என் மேல வருத்தமே கெடையாது, அண்ணாச்சி. அதைத்தான் தாங்க முடியல. வீட்டுக்கு யாரு வந்தாலும், "அத்தான் நம்பர்ல தப்பே வராது. சூளையிலதான் ஏதோ கோளாறு"ன்னு அவனே சொல்லுவான். இந்த யோசனையும் அவனோடதுதான். "அத்தான், அந்தக் கடைசிப் புட்டியை லேப்ல கொடுத்து, ஏழுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அக்கா கண்ணால பாத்தாத்தான் மனசு ஆறுவா. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கது எனக்கு நல்லால்ல"ன்னான். அந்தப் பொண்ணு செண்பகவல்லி இப்பக் கோவில்பட்டியில சொந்தமா லேப் வச்சிருக்கா. தண்ணி, தீப்பெட்டி மருந்து, கரி, எல்லாம் பாக்குதாளாம். தூத்துக்குடியில லேப் இல்லாமயா? நாலு இருக்கு. ஆனா அவ கையால ஏழுன்னு எழுதி வாங்கணும், அண்ணாச்சி. அப்பத்தான் எனக்கு ஆறும்.

எட்டயபுரம். ஏறுறவங்க ஏறட்டும். அம்மா, அந்த ஜன்னலைத் தொறக்காதீங்க, சாத்தித்தான் வைக்கணும்!

பழசு வாடைன்னு நாதன் சொன்னானே, அது சரியான பேச்சு. ஒரு மாதிரி புளிச்ச வாடை. மேல ஏறி நின்னா செருப்பைத் தாண்டி வெதுவெதுன்னு சூடு ஏறும். கட்டியைப் புரட்டினா துரு நெறத்துல ஒரு படலம் இருக்கும், தொட்டா...

என்ன?

ஏறினதே இல்லைன்னுதான் சொன்னேன். ஆமா. சொன்னேன்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை ஏறினேன். அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போன மறுநாள். அவ பொய்யின்னு எனக்கு நானே காட்டிக்கிடணும்னு ஏறினேன். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. முழங்கைக்கும் கீழ தோண்டினேன். லேப்பைத் தாப்பாப் போட்டுட்டு மூணு தடவை பாத்தேன். மூணு தடவையும் உப்பல. ரெண்டு கூட இல்ல, அண்ணாச்சி. ஒண்ணு கூட இல்ல. போட்ட பொடி போட்ட மாதிரியே, கிண்ணத்துல கறுப்பாக் கெடந்துச்சு. கவுத்தினாக் கொட்டுது.

அதை நோட்டுல எழுதல.

மேனேஜர்கிட்டச் சொல்லணும்னுதான் படியேறினேன். சத்தியமா. பாதிப் படியில அந்தப் பொண்ணு மீட்டிங்ல நின்ன நெனப்பு வந்துச்சு. நான் சொன்னா, அவ சொன்னது சரின்னு ஆகும். கூப்பிடுங்க அவளைன்னு சொல்லுவாங்க. என் அலமாரியை இனி எவன் வந்து பாப்பான்? ஒரு மூணு நாள் ஓட்டிட்டா கப்பல் வந்துரும், புதுக் கரியோட கலந்துரும், யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். எறங்கிட்டேன். கப்பல் வரல. ஒம்பதாம் நாள் காலையில நாதன் வந்து நம்பர் கேட்டான்.

தெரிஞ்சுதான் சொன்னேன், அண்ணாச்சி. ஏழு இல்லைன்னு தெரிஞ்சேதான் ஏழுன்னு சொன்னேன்.

இந்தப் பையில புட்டி மட்டும் இல்ல. அடியில ஒரு தீப்பெட்டி இருக்கு. கிண்ணத்துல கெடந்த அந்தப் பொடி அதுலதான் இருக்கு. ஏன் தூர எறியலைன்னு கேட்டா எனக்குத் தெரியாது. மூடி லூசா இருக்கு. காத்தடிச்சாப் போயிரும். ஜன்னலை அதுக்காகத்தான் சாத்தச் சொன்னேன், தூசிக்காக இல்ல.

இது நாலாவது தடவை நான் வாறது. ரெண்டு தடவை அவ லேப் வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ள அவ மேசையில குனிஞ்சு எழுதிட்டிருக்கா, முடி லேசா நரைச்சிருக்கு. புட்டியைக் கொடுத்தா வாங்கிப் பாத்து ஏழுன்னு எழுதித் தந்துருவா, பொய் எழுதுறவ இல்ல. அதைக் கொண்டுபோய்ச் சொர்ணத்துகிட்டக் காட்டலாம். ஆனா அவ புட்டியை வாங்கிட்டு, "குவியல்ல எவ்வளவு, சார்?"னு ஒரு வார்த்தை கேட்டா? அப்போ தீப்பெட்டியை எடுக்கணும். ரெண்டையும் எடுக்காம அவ முன்னால நிக்க முடியாது போலிருக்கு. ரெண்டு தடவையும் திரும்பிட்டேன். மூணாந்தடவை பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்குப் போனதும் நாதன் வாசல்லயே நிப்பான். "என்ன அத்தான், ஏழு வந்துச்சா?"ம்பான். லேப் பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லுவேன். "சரி அத்தான், அடுத்த வாரம் பாத்துக்கிடலாம், புட்டி கெட்டாப் போகுது"ம்பான். உள்ள இருந்து சொர்ணம் எட்டிக்கூடப் பாக்கமாட்டா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்னு சில நேரம் தோணும்.

கோவில்பட்டியா வந்துருச்சு? ஆமா, கண்டக்டர் கத்துதாரு.

இல்ல, நீங்க காலை ஒதுக்க வேண்டாம். உக்காருங்க. கண்டக்டர் சார், சாத்தூருக்கு ஒரு டிக்கெட் கொடுங்க. இதே பை, இதே சீட்டு, எறங்கல.

சாத்தூர்ல ஒரு டீயைக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். இன்னைக்கும் பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லிக்கிடலாம். நம்புவான், அண்ணாச்சி. நான் என்ன சொன்னாலும் அவன் நம்புவான்.